மண்ணைக் கடித்துப் பார்த்தவர்

அவர் மண் தின்கிறார் என்று முதலில் சொன்னவள் என் மனைவி.

"இன்னாங்க அந்தம்மா, யாரும் பாக்காதப்ப மண்ண கிள்ளி வாய்ல போட்டுக்குது? முழுவாம இருக்குதா?" என்று என்னை அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டாள்.

எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு ரகசியம் தாங்காது. வாசலில் உட்கார்ந்து பிளாஸ்டிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அது கேட்டுவிட்டது. அவருக்கு அப்போதே ஐம்பதை ஒட்டிய வயது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அந்தக் காலம்லாம் போயிட்டு மைனி. இங்க வாங்க. இதுல ஒரு கடுகளவு எடுத்து முன்பல்லுல வச்சு அரைச்சுப் பாருங்க. நறநறன்னா வண்டல். வழுக்கிட்டுப் போனா களி. இதைச் சொல்ல மிஷின் இருக்கு, ஆனா அது சொல்ல மாசக்கணக்கா ஆகும். பல்லு உடனே சொல்லிரும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்த மண்ணைப் பார்த்தாள். பிறகு, நான் தடுப்பதற்குள், கிள்ளி வாயில் வைத்துவிட்டாள்.

"நறநறங்குது."

"அப்போ வண்டல். துப்பிருங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு மண்ணு மேடம் என்று பெயர். உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் நாங்கள் ஒரு நாளும் கூப்பிட்டதில்லை என்பதால் இங்கேயும் அது வேண்டாம்.

நான் ஐயம்பேட்டையில் கை போர் போடுகிறவன். அப்பா நெசவாளி. எனக்குத் தறிப் பள்ளத்தில் காலைத் தொங்கவிட்டு நாளெல்லாம் உட்காரப் பொறுமை இல்லை. அதனால் தறி மனைவியிடம் போயிற்று, நான் கடப்பாரையும் குழாயுமாகத் தெருவுக்கு வந்தேன். சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்களே, அந்தக் கோடை. பாலாற்றில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு பழைய போர் வற்றிப் புதிய போர் கேட்டார்கள். அப்படி ஒரு நாளில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்தார். ஆண்கள் போடுகிற மாதிரி முழுக்கைச் சட்டை, பனையோலைத் தொப்பி, தோளில் கனத்த பை.

"அண்ணாச்சி, ஒரு போர் போடணும்."

எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். "கடை அந்தாண்ட இருக்குது மேடம்" என்று கைகாட்டினேன். அவர் தென்காசிப் பக்கத்துக்காரர், அங்கே எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

"எந்த எடம்? எவ்ளோ ஆழம் போவணும்?" என்று கேட்டேன்.

"ஓரிக்கை தாண்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஏரி இருக்குல்லா, அதுக்கு நடுவுல. தண்ணி வேண்டாம். மண்ணு போதும். அந்த மண்ணுலயும் ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது."

கை போர் என்பது தண்ணீர் ஊற்றி ஊற்றி மண்ணைக் கரைத்து இறக்குகிற வேலை. தண்ணீர் இல்லாமல் போர் போடச் சொல்வது உலை வைக்காமல் சோறு கேட்கிற மாதிரி. ஆள் கொஞ்சம் ஒரு மாதிரி போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனாலும் போனேன். வேடிக்கை பார்க்கிற ஆசைதான்.

குழாயை மண்ணுக்குள் அடித்து இறக்குவோம், பிறகு சங்கிலி போட்டு மேலே இழுப்போம். குழாய் வரும், மண் வராது, வழுக்கி உள்ளேயே தங்கிவிடும். எனக்கு வாய் நிறைய கெட்ட வார்த்தை. அவரோ காலிக் குழாயின் ஒரு முனையில் கண்ணை வைத்து, வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்து, உள்ளே ஏதோ சினிமா ஓடுகிற மாதிரி பார்ப்பார்.

"ஏன் வரல?"

"எனக்கு இன்னா தெரியும் மேடம்?"

"எனக்கும் தெரியாது" என்பார். அதை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்வார். குழாய்க்குள், மண்ணுக்கு மேலே காற்றுப் புகாமல் ஒரு தட்டு பிடித்துக்கொண்டு நின்றால் மண் கீழே போகாது என்று அவர் யோசித்தார். அதற்குப் பழைய கைப்பம்பின் தோல் வாஷரை நான் எடுத்துக் கொடுத்தேன். அது சரியாகப் பொருந்தி முதல் குழாய் நிறைய மண்ணோடு மேலே வந்தபோது வெடித்துக் கிடந்த அந்த ஏரிக்குள் இரண்டு பேரும் கை தட்டினோம். தட்டிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டது நான் மட்டும்தான்.

எங்கள் தொழிலில் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது தெரியாது என்பதுதான். தண்ணீர் வருமா என்று கேட்டால் கண்டிப்பாக வரும் என்று சொல்ல வேண்டும். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு நடப்பார்களே, ஊற்று இருக்கிற இடத்தில் அது எழுந்து நிற்குமாம், அவர்களுக்குத் தெரியும். ஜோசியருக்குத் தெரியும். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவருக்கு எல்லாமே தெரியும். இவர் ஒருவர்தான் அந்த வார்த்தையைக் கூச்சமில்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதோடு, யார் எதைச் சொன்னாலும், "அது எப்படித் தெரியும்?" என்று கேட்பார். மடக்குகிற கேள்வி இல்லை. கதை கேட்கிற குழந்தை "அப்புறம்?" என்று கேட்குமே, அந்தக் குரல். தேங்காய்க்காரரிடமும் கேட்டார். தேங்காயை வாங்கித் தானே கையில் வைத்துக்கொண்டு வயல் முழுக்க நடந்தார். எழவில்லை. "மணிக்கட்டுல உங்களுக்கு எதுவும் இழுக்குமா?" என்று விசாரித்தார். பிழைப்பைக் கெடுக்க வந்தவரோ என்று பயந்திருந்த அந்த மனிதர் கடைசியில் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

என் மனைவியிடமும் இதே கதைதான். அந்தக் கோடையில் தறியில் பாவு இழை அடிக்கடி அறுந்தது. காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பட்டு முறுக்கிக்கொள்ளும். இவள் ஈரச் சாக்கைப் பள்ளத்தைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். மதியத்தில் மட்டும் ஏன் அறுகிறது என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஃபேனாத்தான் இருக்கும் மைனி. காத்து நேரா இழைமேல அடிக்கி."

ஈரம் காட்டுகிற சின்னப் பெட்டி ஒன்றைத் தறிக்கு மேலே தொங்கவிட்டு, சில நாள் ஃபேனை நிறுத்தி நெய்யச் சொன்னார். வேர்த்து வழிய நெய்தாள். ஃபேன் ஓடினாலும் நின்றாலும் அறுந்தது அறுந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு அவரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவரோ பெட்டியைப் பார்த்துவிட்டு, பரிசு விழுந்தவர் மாதிரி கத்தினார்.

"நான் நினைச்சது தப்பு மைனி! சுத்தத் தப்பு!"

"அதுக்கு இன்னாத்துக்குமா இம்மாம் சிரிப்பு?"

"இல்லன்னா ஃபேனை நிறுத்திட்டு ஆயுசு பூரா வேர்த்துக்கிட்டே நெய்திருப்பீங்கல்லா?"

அந்தப் பெட்டியைப் பார்த்துப் பார்த்து, விடியலில்தான் ஈரம் அதிகம் என்று கண்டுகொண்டு, என் மனைவி தறியில் உட்காரும் நேரத்தையே மாற்றிக்கொண்டாள். கோடை வந்தால் இன்றைக்கும் அப்படித்தான்.

ஏதோ ஆராய்ச்சி என்று மட்டும் தெரியும்; எதற்கு இந்த மண் என்று நான் கேட்டது வெகு நாள் கழித்துத்தான். குழாயை நீளவாக்கில் அறுத்து, மனைவி கொடுத்த முறுக்கிய பட்டு நூலால் மண்ணை இரண்டாக வகிர்ந்து காட்டினார். கறுப்பும் வெளுப்புமாக வரிவரியாக இருந்தது. தண்ணீர் நின்ற காலத்தில் படிந்தது கறுப்பு, காய்ந்த காலம் வெளுப்பு. ஒவ்வொரு வரியிலும் அப்போது பூத்த பூவின் மகரந்தம், அப்போது முளைத்த புல்லின் தூசு, எரிந்த அடுப்பின் கரித்துகள்கூட இருக்கலாமாம்.

"பூமி சூடாகுது அண்ணாச்சி. இனிமே மழை நாள் குறையும், பெய்தா மொத்தமாக் கொட்டும், இடையில காயுறது நீளும்னு கணக்கு சொல்லுது. ஆனா இந்த ஊருல ஒரு வறட்சி அதிகபட்சம் எவ்வளவு காலம் நீளும்? மழையை அளந்து எழுதி வச்சது வெள்ளக்காரன் காலத்துல இருந்துதான் இருக்கு. அதுக்கு முந்தி நடந்தது இந்த ஏரிக்குத்தான் தெரியும். அது தெரிஞ்சா, வரப் போறதுக்கு ஒரு அளவு கிடைக்கும்."

ஏரிக்கரை ஊரில் இதெல்லாம் எடுபடவில்லை. அங்கே பாசனச் சங்கத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். அறுபது தாண்டிய ஆள், நரைத்த மீசை, ஏரியின் இக்கரையில் பேசினால் அக்கரைக்குக் கேட்கும் குரல். முதல் நாளே வந்து நின்று கேட்டார்.

"இந்த வருசம் மழ வருமா?"

"தெரியாது."

"நெல்லு வெக்கலாமா, வாணாமா?"

"அதுவும் தெரியாது."

"பின்ன இன்னாத்துக்குமா ஏரிய ஓட்ட போட்டுக்கினு கீற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் காது சுட்டது.

அந்தக் கோடையிலேயே ஏரியில் தூர் வாரும் வேலை தொடங்கியது. பொக்லைன் வந்தது, மண் ஏற்ற லாரிகள் வரிசையில் நின்றன. ஆழம் கூடினால் தண்ணீர் கூட நிற்கும் என்று ஊருக்கே சந்தோஷம். மேற்குப் பக்கம் வெட்டிய குழியிலிருந்து லாரியில் மஞ்சளாக ஏதோ கொட்டுவதைப் பார்த்ததும் மேடம் தொப்பி விழுந்தது தெரியாமல் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். பொக்லைனுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். வீரமெல்லாம் இல்லை, குழிக்குள் எட்டிப் பார்க்கிற அவசரம். வண்டிக்காரன் நல்லவேளையாக நிறுத்திவிட்டான்.

நாங்கள் எடுத்த குழாய்களிலும் அது இருந்தது. மேலே வண்டல், அதற்குக் கீழே முழங்கால் உயரத்துக்குக் கருங்களி, அதற்கும் கீழே மஞ்சள் ஆற்று மணல். எந்தக் காலத்திலோ பாலாறு இந்தப் பக்கமாக ஓடியிருக்கிறது. பொக்லைன் களியைத் தாண்டி மணலைத் தொட்டுவிட்டது.

"தலைவரே, இதுக்குக் கீழ போகக் கூடாது. களிதான் ஏரிக்கு அடித்தட்டு. அது போனா ஏரி ஓட்டைப் பானை."

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "மழ வருமான்னா தெரியாதுன்ன. நெல்லு வெக்கலாமான்னா தெரியாதுன்ன. இது மட்டும் எப்டிமா தெரிஞ்சிது?"

மறுபடி சிரிப்பு. இந்த முறை அதில் கொஞ்சம் காரம் இருந்தது. அதுவரை தெரியாது தெரியாது என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், தெரியும் என்று சொன்ன முதல் தடவை அவரை நம்ப ஒருவரும் இல்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை.

"சரியான கேள்வி. என்னை நம்ப வேண்டாம் தலைவரே. பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஒரே அளவுல ரெண்டு குழி வெட்டுவோம். ஒண்ணு களியில, ஒண்ணு மணல்ல. தண்ணி ஊத்திப் பாப்போம்."

"தண்ணியா? குடிக்கவே லாரிய எதிர்பாத்துக்கினு கெடக்கறோம், தரையில ஊத்த தண்ணி கேக்குதே இந்தம்மா!"

அப்போது கரைமேல் குடத்தோடு நின்ற ஒரு பெண் சொன்னாள்: "ஊத்தித்தான் பாப்பமே. லாரிக்காரன் தெருவுல சிந்தறத வுட இது கொறச்சல்தான்." சொல்லிவிட்டு விறுவிறுவென்று இறங்கி வந்து, நான் குழிகளை வெட்டி முடித்ததும் தன் குடத்தை முதல் குழியில் கவிழ்த்துவிட்டாள். அதன் பிறகு ஒவ்வொருத்தியாக வந்தார்கள். யாருக்கும் யாரும் சொல்லவில்லை. என்ன ஆகிறது என்று பார்க்கிற ஆசை ஊருக்கே ஒட்டிக்கொண்டது.

மணல் குழியில் ஊற்றிய தண்ணீர், ஊற்றியவள் குடத்தை நிமிர்த்தி இடுப்பில் வைப்பதற்குள் காணாமல் போயிற்று. களிக் குழியில் தண்ணீர் அப்படியே நின்றது. வானம் தெரிந்தது அதில். சிரித்தவர்களெல்லாம் குனிந்து குனிந்து பார்த்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன்.

தலைவர் மணல் குழியின் விளிம்பில் குந்தினார். ஈர மணலைக் கிள்ளிப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கினார்.

"போன தண்ணி எங்க போச்சு?"

"கீழ."

"கீழ இன்னா கீது? எங்க கெணறுதானே? அப்போ ஏரி வத்துனாலும் கெணத்துல ஊறும் இல்ல? நல்லதுதானே?"

மேடம் குழியை எட்டிப் பார்த்தார். ஊறாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றே வேலை நின்றுவிடும்.

"தெரியாது" என்றார். "கிணத்துக்கும் போகலாம். ஆத்துப் பக்கமா ஓடியும் போகலாம். அதை நான் இன்னும் பாக்கல."

திரும்பும் வழியில் வண்டியை ஓட்டிக்கொண்டே அவரைத் திட்டினேன். "ஒரு வார்த்த மேடம். ஒரே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

பின்னாலிருந்து குரல் வந்தது. "நாளைக்குக் கிணத்துல தண்ணி ஏறிட்டுன்னா? அப்புறம் களியைப் பத்தி நான் சொன்னதும் பொய்யாயிரும்லா, அண்ணாச்சி?"

எனக்குக் கோபம் போகவில்லை.

ஆனால் ஊரில் அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு ஓயவில்லை. கிணறு வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், மதகைத் திறந்தால் வருகிற ஏரித் தண்ணீரை மட்டும் நம்பியவர்கள் ஒரு பக்கம். ஒருவரையொருவர் கத்தித் தீர்த்த பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்கள். மதகுப் பக்கம் களியைத் தொடக் கூடாது. மேற்கே வெட்டியது வெட்டியபடி இருக்கட்டும், தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்கலாம். மேடத்துக்குச் சர்க்கரை கிடைத்த மாதிரி ஆயிற்று. ஒரே ஏரியில் இரண்டு விதம்!

அந்த வருஷ மழை சில நாட்களில் மொத்தமாகக் கொட்டித் தீர்த்தது. ஏரி நிறைந்தது. பொங்கலுக்குள் மேற்குக் குழி வற்றிவிட, மதகுப் பக்கம் அறுப்பு முடிகிறவரை தண்ணீர் நின்றது. மேற்கே சில கிணறுகளில் மட்டம் ஏறியது, சிலவற்றில் ஏறவே இல்லை. இதையெல்லாம் மேடத்துக்குப் போனில் சொன்னது நானில்லை, தலைவர். கயிற்றில் கல்லைக் கட்டி ஒவ்வொரு கிணற்றிலும் இறக்கிப் பார்த்துவிட்டுக் கூப்பிடுவாராம். "என் கெணத்துல ஏறிச்சு. பக்கத்து கெணத்துல ஏறல. எப்டிமா?" என்று அதட்டுவாராம்.

மேடம் எங்கள் ஊருக்குக் கடைசியாக வந்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து, ஒரு கோடையில். பிறகு வடக்கே வேலை மாறிப் போய்விட்டார். அன்று வீட்டுக்கு வந்தவர் வழக்கம்போலத் தறியை எட்டிப் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா மேடம், மூஞ்சி வாடிக் கெடக்குது?" என்று கேட்டாள் என் மனைவி.

மண்ணின் வயதைப் பரிசோதனைக்கூடத்தில் பார்த்துச் சொல்லிவிட்டார்களாம். மேல் மண் நேற்று மாதிரி, அதை ஒட்டிக் கீழே உள்ளது வெகு பழசு. இடையில் பல தலைமுறை மண் இல்லவே இல்லை. எங்கே அடித்த குழாயிலும் இல்லை. அவர் தேடி வந்த காலமே அதுதான்.

"யாரோ எடுத்துட்டாங்க மைனி. எத்தனையோ காலத்துக்கு முந்தி." கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷ வேலை. என் மனைவி அவர் தோளில் கையை வைத்தாள். அழுகையின் நடுவிலேயே அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. "ஏரி காய்ஞ்சு கிடந்தாத்தான் மண்ணு வெட்ட முடியும். அப்போ பஞ்சத்துலதான் வெட்டியிருக்காங்க. நான் தேடுன பஞ்சத்தை அப்படியே அள்ளிட்டுப் போயி வயல்ல உரமாக் கொட்டிட்டாங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "களி வரைக்கும் வெட்டி நிறுத்தியிருக்காங்க. தெரிஞ்சு நிறுத்துனாங்களா, மழை வந்து நிறுத்திச்சா, அதான் தெரியல" என்றார்.

தலைவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஏரிக்குப் போனோம். அவர் முழுக்கக் கேட்டார். மீசையைத் தடவிக்கொண்டே ஏரியின் வடக்கு மூலையைப் பார்த்தார். அங்கே ஒரு புங்கமரத்தடியில் கன்னிமார் கற்கள் உண்டு.

"அந்தக் கல்லாண்ட யாரும் மண்ணு எடுக்க மாட்டாங்க. கன்னிமாருங்க வுட மாட்டாங்கன்னு பயம். எந்தக் காலத்துலயும் எடுத்திருக்க மாட்டாங்கன்னு தோணுது. போட்டுப் பாரு."

கற்பூரம் ஏற்றி உத்தரவு கேட்டது தலைவர்தான். குழாயை அடித்தபோது சங்கிலியின் ஒரு முனையை அவரே பிடித்தார். மரத்து நிழலில் குழாயை அறுத்து, பட்டு நூலால் மண்ணை வகிர்ந்தோம். மேலே கறுப்பு. அதற்குக் கீழே, மற்றக் குழாய்கள் எதிலும் நாங்கள் பார்த்திராத ஒரு வெளுப்பு. சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த நிறத்தில், வெடிப்புகளோடு, நீண்டுகொண்டே போயிற்று. நடுநடுவே மயிரிழை போலக் கறுப்புக் கோடுகள். ஏதோ ஒரு வருஷம் மழை எட்டிப் பார்த்திருக்கிறது, மறுபடி வரவில்லை.

"இது எவ்ளோ காலம்?" என்று கேட்டேன்.

"ஆய்வுக்கூடம் சொல்லணும். ஒரு ஆளோட ஆயுசுக்கு மேல இருக்கும்னு நினைக்கேன். நினைக்கத்தான் செய்யுதேன்."

தலைவர் அந்த வெளுப்பின் மேல் தன் கையை விரித்து வைத்தார். சாணுக்கு அடங்கவில்லை. இன்னொரு கையையும் பக்கத்தில் வைத்தார். மழை வருமா என்று கேட்ட குரல் அன்றைக்கு அவரிடம் இல்லை.

"இம்மாம் வருசம் காஞ்சிக் கெடந்துக்குது. ஆனா ஊரு காலியாவல. நாங்க இருக்கறோமே." கையை எடுக்காமலே கேட்டார்: "அப்போ இவங்க இன்னாத்தமா துன்னாங்க?"

மேடம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்கு அந்தப் பக்கம், அவருக்கு எதிரே, மண்ணிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

"அடுப்புல கருகின விதை ஒண்ணாவது கிடக்கும். நீங்க அந்த முனையில இருந்து வாங்க. நான் இங்க இருந்து வாரேன்."

இரண்டு பேரும் குனிந்தார்கள்.